வளர்ந்தது காணும்

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் தமிழ்ச் சாமான் கடை திறந்த புதிதில், பால்மா விற்க வந்த ஒருவர் சும்மா தந்துவிட்டுப் போன ஒட்டகச்சிவிங்கிப் படமொன்றை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். நிலத்திலிருந்து ஆளுயரத்துக்கு நிற்கிற ஒட்டகச்சிவிங்கி. கழுத்து நெடுக அளவுக்கோடுகள். தாய்மாரோடு வருகிற பிள்ளைகள் முதலில் ஓடிப்போய் அதில்தான் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். நானும் கல்லாவை விட்டு எழும்பிப் போய் உச்சந்தலையில் கையை வைத்து, "ஆ, போன முறையை விட ஒரு விரல் கூட" என்பேன். பிள்ளைக்குச் சந்தோசம், தாய்க்குச் சந்தோசம், எனக்கும் அன்றைக்குக் கத்தரிக்காய் கொஞ்சம் கூட விலைப்படும்.

அந்தப் படத்தைக் கண்டு முகம் கறுத்தது ஒரேயொரு மனுசிக்குத்தான்.

"அண்ணை, உந்தப் படத்தைக் கழட்டுங்கோ."

"ஏன் தங்கச்சி, பாவம், அது உங்களை என்ன செய்தது?"

"உது பிள்ளையளை அளக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து அந்தச் சுவரோடு அடுக்கிவிட்டார். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் ஈரத் துணி தூக்கிப் பழகிய கைகள். மூட்டைகளுக்கு மேலால் ஒட்டகச்சிவிங்கியின் கண்கள் மட்டும் தெரிந்தன, ஒளித்திருந்து பார்ப்பதுபோல. அன்றிலிருந்து என் கடையில் அரிசிக்கு அதுதான் இடம்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கண்ணில் படுவது என்பதே பிடிக்காத மனுசி. கணவர் தொழிற்சாலையில் மூன்று நேர வேலையும் மாறி மாறிச் செய்கிற, அதிகம் கதைக்காத மனிதர். பிள்ளை ஒன்று, பெடியன். நான் கண்ட காலத்தில் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான்.

மற்றத் தாய்மார் என்ன சொல்லிக் கவலைப்படுவார்கள்? சாப்பிடுறானில்லை, வளருறானில்லை. இவர் கவலைப்பட்டது மறுபக்கத்தால். "வளர்ந்தது காணும் அப்பு, போதும்" என்று அவனைப் பார்த்து அடிக்கடி சொல்வார். மகனை "அப்பு" என்றுதான் கூப்பிடுவார். "நிண்டுகொண்டு சாப்பிடாதை, எல்லாம் காலுக்குள்ள இறங்கிடும்" என்பார். யாராவது "மகன் நல்லா நெடுத்திட்டான்" என்று நல்லெண்ணத்தில் சொன்னால், "அவன் சப்பாத்துப் போட்டிருக்கிறான்" என்று உடனே வெட்டுவார். கோவில் திருவிழாவில் ஒருவர், "எத்தினை வயசு?" என்று கேட்டதற்கு உள்ளதில் இரண்டைக் குறைத்துச் சொன்னதை என் காதால் கேட்டேன். பெடியன் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தான். பழகிப்போனவன்.

எனக்குப் பிடித்த அவருடைய வாக்கியம் வேறொன்று. "கண்ணில படாத பிள்ளைதான் அண்ணை, பிள்ளை." கடையில் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது இதைத் திடீரென்று சொல்வார், வெங்காயம் விலை ஏறிவிட்டது என்று சொல்வதுபோல.

ஆனால் பெடியன் அவர் சொல் கேட்டு வளரவில்லை. மதில் ஏறும் கொடிபோல ஏறினான். பள்ளிக்கூடப் படத்தில் பின்வரிசையில் முழங்காலை மடித்து நின்றான், அம்மா அப்படி நிற்கச் சொல்லியிருந்தார். படத்தில் அவன் முகம் ஏதோ வயிற்றுவலிக்காரன்போல இருந்தது. கூடைப்பந்து பழக்குகிற ஆசிரியர் இவனைத் தன் குழுவில் சேர்க்க ஆசைப்பட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது, "அவனுக்கு இழுப்பு வருத்தம், ஓட ஏலாது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்காக அவன் சட்டைப்பையில் இழுப்புக்கு அடிக்கிற மருந்துக் குழாய் ஒன்றும் வருடக்கணக்கில் கிடந்தது. ஒருநாள் கடையில் அதை எடுத்து என்னிடம் காட்டினான்.

"மாமா, இது முடிஞ்சு போச்சு. டேட்டைப் பாருங்கோ. ஒருக்காலும் அடிக்கேல்லை."

"பிறகேன் கொண்டு திரியிறாய்?"

"அம்மா பொக்கெற்றைத் தொட்டுப் பாப்பா."

இதெல்லாம் எங்களுக்குப் பகிடிதான். தாய்மாருக்கு ஆயிரம் விசர் என்று விட்டுவிடுவோம். ஒரு மழைநாள் பின்னேரம்வரை அப்படித்தான் இருந்தது.

அன்று கடையில் ஆளில்லை. அவர் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நுனியை ஒடித்து ஒடித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. மற்ற யாராவது செய்தால் ஏசுவேன், அவரை விட்டுவிடுவேன். எப்போதும் ஆகச் சின்னதாகப் பார்த்துத்தான் எடுப்பார். வாசலால் நெடிய ஜெர்மன் பெடியன் ஒருவன் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து, தலை தட்டாமலிருக்கக் குனிந்தான். அதைப் பார்த்தவர், நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"என்ர தம்பியும் உப்பிடித்தான். அப்பாவைப் போல நெட்டை. பதினாலு வயசு."

இலங்கையில், வன்னியில் போர் மறுபடி மூண்டிருந்த காலம். இவருக்கு ஜெர்மனி மாப்பிள்ளையோடு கலியாணம் நிச்சயமாகியிருந்தது. இயக்கக்காரர் வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் படைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள்.

"பிள்ளை பிடிக்க வாறவை வயசுச் சேர்ட்டிபிக்கேட் பாக்கமாட்டினம் அண்ணை. உயரத்தைத்தான் பாப்பினம். பெரியண்ணை இருபதைத் தாண்டினவர், ஆள் கட்டை. வாசலிலதான் நிண்டவர். அவரைக் கண்டும் காணாத மாதிரி உள்ள வந்திட்டினம். தம்பி குசினியுக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்துத் தண்ணிப் பரலுக்குப் பின்னால குந்தியிருந்தவன். குந்தியும் தலை தெரிஞ்சது. நான் பரலில சாஞ்சு நிண்டு அவன்ர தலையில கையை வைச்சு அமத்திக்கொண்டு நிண்டன். நல்லா அமத்தினன். கழுத்து முறியிற மாதிரி."

நுனி ஒடித்த வெண்டிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஒருத்தன் வந்து என்ர கையைத் தட்டிவிட்டான். அவனும் ஒரு சின்னப் பெடியன்தான், மீசை கூட இல்லை. என்னை 'அக்கா, கையை எடுங்கோ' எண்டுதான் சொன்னவன். அவ்வளவு மரியாதை."

"பிறகு, தங்கச்சி?"

"பிறகு ஒண்டும் வரேல்லை. சவப்பெட்டியும் வரேல்லை, சேதியும் வரேல்லை."

வெண்டிக்காயை நிறுத்துக் கொடுத்தேன். கதவடியில் நின்ற ஜெர்மன் பெடியன் மழை விட்டதும் மறுபடி குனிந்து வெளியே போனான். அவர் அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நான் அவருடைய சொற்களைக் கேட்டுச் சிரித்ததில்லை.

அவருடைய மகனுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தபோது, படைக்கு ஆள் போதாது என்று இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் இரவுபகலாகக் கதைக்கத் தொடங்கினார்கள். புதுச் சட்டம் வரப்போகிறது; பதினெட்டு ஆகும் பெடியன்கள் எல்லாருக்கும் கடிதம் வரும்; கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியே ஆகவேண்டும்; சேருவது அவரவர் விருப்பம்; ஆள் காணாவிட்டால் பிறகு யோசிக்கலாம். இதுதான் கதை. அவர் கடைக்குள் வந்த வேகத்தில் கதவின் மணி அடித்து ஓயவில்லை.

"அண்ணை, இஞ்சையும் பிடிக்கப் போகினமாம்."

"பிடிக்க மாட்டினம் தங்கச்சி. கடிதம்தான். விருப்பம் எண்டால் மட்டும்."

"அங்கயும் முதல் கூட்டம்தான் வைச்சவை. விருப்பமான ஆக்கள் வாங்கோ எண்டுதான் சொன்னவை."

பெடியன் பின்னால் நின்றான், கடைக் கதவு நிலையைத் தொடுகிற தலையோடு.

"அந்தக் கடிதத்தில என்ன கேப்பினம், அப்பு? மாமாவுக்குச் சொல்லு."

அவன் கைபேசியைப் பார்த்துத் தமிழில் தடக்கித் தடக்கிச் சொன்னான். "என்ன படிச்சனீ... என்ன விருப்பம்... எவ்வளவு பாரம்... எவ்வளவு உயரம்."

அவர் அரிசி மூட்டையில் குந்தி இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவர் செய்யாத வேலையில்லை. தட்டைப் பாதம் என்று எழுதித்தர ஒரு டாக்டரைத் தெரியுமா என்று கேட்டார். கண் பார்வை குறைய என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டார். இதைக் கேட்கும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை கடையில் சனம் குறையும்வரை காத்து நின்று, கல்லாவுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, உங்கட தமையன்ர மகள் டார்ம்ஸ்டாட்டில படிக்கிறாள் எல்லோ. அவளை எங்கட அப்புவுக்குத் தருவியளோ?"

"தங்கச்சி, அவன் இன்னும் பள்ளிக்கூடம் போறான். அவளுக்கு வயசு இருபத்தஞ்சு."

"பேருக்குத்தான். கழுத்தில ஒண்டு கிடந்தால் காணும். பேந்து கழட்டி விடலாம்."

அப்போதுதான் விளங்கியது. வன்னியில் அந்தக் காலத்தில் கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மீசை முளைக்காத பெடியனுக்கும் பள்ளிக்கூடச் சட்டை போட்ட பெட்டைக்கும் தாலி கட்டிவைத்த வீடுகள் எத்தனையோ. மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள். நாள் நட்சத்திரம் ஒன்றும் இல்லை.

"அது அங்கை. இஞ்சை கலியாணம் கட்டினாலும் கடிதம் வரும்."

"தெரியும்."

"அங்கையும் கடைசியில கலியாணம் கட்டினதுகளையும் விடேல்லை எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"அதுவும் தெரியும் அண்ணை." கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சுகொண்டு சும்மா இருக்கச் சொல்லுறியளோ?"

பெடியனுக்கு இது எப்படியோ தெரிந்து, அடுத்த முறை வந்தபோது, "மாமா, நான் உங்கட மருமகனாமே" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா நித்திரையே கொள்ளுறா இல்லை" என்றான்.

சட்டம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்த நாளில், நாடு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பை விட்டு இறங்கித் தெருவுக்குப் போவது என்று முடிவெடுத்திருந்தார்கள். டோர்ட்மண்ட் ஊர்வலத்துக்குத் தானும் போவேன் என்றான் பெடியன். போகாதே என்றார் தாய். அவன் போவது சண்டை வேண்டாம் என்று சொல்லத்தான் என்பது அவருக்கு விளங்காமலில்லை. தெருவில் நின்றால் படம் பிடிப்பார்கள், பிடித்தால் முகம் தெரியும், உயரம் தெரியும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

அன்று விடிய, கடை திறக்கிறபோதே ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து என் கல்லாவுக்குக் கீழே தள்ளினார்.

"வைச்சிருங்கோ. ஆர் கேட்டாலும் குடுக்காதேங்கோ."

திறந்து பார்த்தால் சப்பாத்துகள். பெடியனுடைய சப்பாத்து முழுவதும் அதற்குள் இருந்தது, தோணி மாதிரிப் பெரிசு பெரிசாக. பனிக்காலத்தில் சப்பாத்தில்லாமல் எங்கே போவான் என்ற நிம்மதியோடு வேலைக்குப் போனார். பத்துமணிபோல, இடையில் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, வேலை உடுப்போடு திரும்பி ஓடிவந்தார்.

"போயிட்டான் அண்ணை. குளிக்கிற அறைச் செருப்போட போயிட்டான். இந்தக் குளிருக்கை."

கோபம் ஒரு சொட்டும் இல்லை. பெடியனின் காலுக்குக் குளிருமே என்பது ஒன்றுதான் இருந்தது அவர் முகத்தில். "வாங்கோ அண்ணை, குடுத்திட்டு வருவம்" என்று பையைத் தூக்கிக்கொண்டார். மனைவியைக் கடையில் விட்டுவிட்டு நானும் போனேன். ரயிலில் இடம் கிடந்தது. "இருங்கோ தங்கச்சி" என்றேன். "இருந்தால் றெயின் மெதுவாப் போகும்" என்று டோர்ட்மண்ட் வரைக்கும் கதவடியிலேயே நின்றார்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தெரு முழுக்கப் பிள்ளைகள். முரசு, விசில், கடதாசி அட்டைகள். ஓரத்தில் பொலிஸ்காரர்கள் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தச் சனத்துக்குள் எங்கே தேடுவது என்று நான் யோசிக்க முதலே அவர் கையை நீட்டிவிட்டார். தேட வேண்டிய தேவையில்லை. எல்லாத் தலைக்கும் மேலால் ஒரு கறுப்புத் தலை. அந்தத் தலைக்கும் மேலால் அவன் தூக்கிப் பிடித்த அட்டை.

"என்ன எழுதியிருக்கிறான்?" கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தூரம் தெரியாது.

ஜெர்மனில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன். "எங்களை அளக்காதேங்கோ எண்டு எழுதியிருக்கிறான்."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குள்ளே புகுந்தார். நான் பின்னால் போனேன். நாங்கள் போய்ச் சேருகிற நேரம் ஒலிபெருக்கியில் ஒரு பெட்டை ஏதோ சொன்னாள், பிள்ளைகள் எல்லாரும் அப்படியே தெருவில் குந்தி இருந்தார்கள். காற்று வந்து நெல் சாய்ந்ததுபோலத் தெரு முழுக்கத் தாழ்ந்தது. நின்றது நாங்கள் இரண்டு பேரும்தான். அவன் தன்னை விட நெடுத்த பிறகு முதல்தரமாக அந்த மனுசி தன் மகனை மேலேயிருந்து பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அம்மா." அவனுக்குத் திகைப்பு. "என்ன இஞ்சை?"

"காலைக் கொண்டா."

"அம்மா, பிறகு. எல்லாரும் பாக்கினம்."

"காலைக் கொண்டா எண்டுறன்."

தெருவில் முழங்காலிட்டு, அவன் காலைத் தன் மடியில் எடுத்து, நீலம் பாய்ந்திருந்த விரல்களைத் தேய்த்து, சப்பாத்தை மாட்டிக் கயிறு கட்டினார். பக்கத்திலிருந்த ஜெர்மன் பெட்டை தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி நிலத்தில் விரித்து அவரை இருக்கச் சொன்னாள். இருந்தார். கண்ணில் படாமல் வாழ்ந்த மனுசி, டோர்ட்மண்டின் நடுத்தெருவில், பட்டப்பகலில், சலவை உடுப்போடு இருந்தார்.

"வீட்டை போவம் அப்பு."

"இல்லையம்மா. முடிய வாறன். நீங்கள்தானே எனக்கு இதைப் பழக்கினது?" என்று அட்டையைக் காட்டினான்.

அப்போதுதான் தோளில் கமராவோடு ஒருவர் முன்னால் வந்து குந்தினார். தாய் அதைக் கண்டார். கை தானாக எழும்பியது. தன் முகத்தை மறைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அது மகனுடைய உச்சந்தலையில் போய் இருந்தது.

மறுநாள் அந்தப் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. தெருவில் இருக்கும் தமிழ்த் தாய், பக்கத்தில் மகன், அவன் தலையில் தாயின் கை. போருக்கு எதிராக நிற்கும் மகனை ஆசீர்வதிக்கும் தாய் என்று கீழே எழுதியிருந்தார்கள். கோவில் சனம் எல்லாம் அவருக்குத் தொலைபேசி எடுத்துப் பாராட்டியது. ஒரு ஆசிரியை பூங்கொத்து கொடுத்துவிட்டாராம். அவர் என் கடைக்கு வந்து, தட்டில் கிடந்த பத்திரிகைகளை எல்லாம் ஒவ்வொன்றாக முகம் குப்புறத் திருப்பி வைத்தார்.

"நல்ல படம் தங்கச்சி. ஆசீர்வாதம் எண்டு எழுதியிருக்கினம்."

"ஆசீர்வாதமோ?" என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குமோ அண்ணை அப்பிடித் தெரியுது?"

எனக்கு அப்படித் தெரியவில்லை என்று தலையாட்டினேன். ஏனென்றால் நான் பக்கத்தில் நின்றவன். அந்தக் கையின் விரல்நுனிகள் அமத்தின அமத்தலில் வெளிறிப் போயிருந்ததைக் கண்டவன்.

சட்டம் நிறைவேறியது. மகனுக்குப் பதினெட்டு ஆக முதலே கணவரை நெருக்கி ஸ்டுட்கார்ட் பக்கம் வீடு மாறினார்கள். முகவரி மாறினால் கடிதம் தேடாது என்பது அவருடைய கடைசி வழி. இந்த நாட்டில் வீடு மாறிய கையோடு பதிவு செய்ய வேண்டும், பதிந்தால் கடிதமும் பின்னால் வரும் என்று சொன்னேன். "வரட்டும். வாற நேரம் வரைக்கும் நேரம்தானே" என்றார். புது வீட்டில் திரைச்சீலை போட முதலே கடிதம் வந்துவிட்டதாம். பெடியன் விருப்பமில்லை என்று எழுதி அனுப்பினானாம். உயரத்தை மட்டும் உள்ளபடி எழுதினானாம்.

கடைசியாக அவருடைய குரலைக் கேட்டது இந்த வசந்தத்தில். சனிக்கிழமை, கடையில் நல்ல சனம்.

"அண்ணை, பேப்பரில வந்த அந்தப் படம் வைச்சிருக்கிறியளோ?"

வெட்டி ஒட்டியிருந்தேன். அரிசி மூட்டைகளுக்கு மேலே, பழைய ஒட்டகச்சிவிங்கியின் முகத்தை மறைத்து. "இருக்குத் தங்கச்சி."

"விருப்பம் இல்லை எண்டு எழுதினாலும் பேந்து கூப்பிட்டு அளப்பினமாம். அப்பு சொல்லுறான். ஒருக்கால் போய்ப் பாருங்கோ. அதில அவன் சின்னனாத் தெரியிறானோ?"

கைபேசியோடு போய்ப் பார்த்தேன். தெருவெல்லாம் இருக்கிற பிள்ளைகள். குந்தியிருந்தும் அவன் தலை எல்லாருடைய தலைக்கும் மேலே நின்றது. அதன்மேல் அந்தக் கை, தட்டையாக, விரல்கள் விரிந்து.

"ஓம், தங்கச்சி. சின்னனாத்தான் தெரியிறான்."

"மெய்யே?"

"மெய்தான்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நான் கையை எடுக்கேல்லைத்தானே அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. எடுக்கேல்லை."